டெங்கு காய்ச்சல்: நிலவேம்பு கஷாயம் குடிச்சா போதுமா? ஆஸ்பத்திரிக்கு எப்போ போகணும்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் திருநெல்வேலியில் காய்ச்சலும் கூடவே வந்துவிடும். பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கப்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மக்கள் 'ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி' என்று சொல்லும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது. டெங்கு சீசனில் கஷாயமா, மாத்திரையா என்ற குழப்பம் பல வீடுகளில் வருகிறது.

நிலவேம்பு பிரபலமானது எப்படி?

2012-ல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தை டெங்கு உலுக்கியது. இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையநல்லூர் கடுமையாக பாதிக்கப்பட்டது. அந்த ஆண்டு தமிழகத்தில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு உறுதியானது; 66 பேர் உயிரிழந்தனர். அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவின் அரசு, அலோபதி சிகிச்சையுடன் நிலவேம்பு குடிநீர், பப்பாளி இலைச்சாறு, மலைவேம்பு இலைச்சாறு ஆகியவற்றையும் வழங்க ஏற்பாடு செய்தது.

அதில் என்னதான் இருக்கு?

நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என மொத்தம் 9 சரக்குகள். சித்த மருத்துவத்தில் இது காய்ச்சலுக்கான குடிநீர்.

இது டெங்குவை குணமாக்குமா?

டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களுக்கு எதிராக நிலவேம்பு குடிநீர் செயல்படுவது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. ஆனால், ஆய்வகத்தில் கிடைத்த பலன் நோயாளியின் உடலிலும் அப்படியே கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. 2017 அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன், உரிய ஆய்வு வரும்வரை நிலவேம்பு விநியோகிக்க வேண்டாம் என்று தன் இயக்கத்தினரைக் கேட்டுக்கொண்டதும் பெரிய விவாதமானது.

மரபு மருந்து, ஆய்வைத் தாண்டி வந்ததற்கு உதாரணமும் உண்டு. பழைய சீன மருத்துவக் குறிப்பில் இருந்த மூலிகையை ஆராய்ந்து, மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் மருந்தைத் தந்த சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அலோபதியில் மட்டும் மருந்து இருக்கா?

டெங்கு வைரஸை அழிக்கும் தனி மருந்து அலோபதியிலும் இல்லை. காய்ச்சலுக்கு பாராசிட்டமால், உடலில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது, தேவைப்பட்டால் குளுக்கோஸ் ஏற்றுவது, தொடர்ந்து ரத்தப் பரிசோதனை செய்வது ஆகியவைதான் சிகிச்சை. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவை ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும் என்பதால், கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

உண்மையான ஆபத்து எப்போ?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். கஷாயம் குடித்த மூன்றாம், நான்காம் நாளில் காய்ச்சல் குறையும். "காய்ச்சல்தான் விட்டுட்டே, இனி என்ன?" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். ஆனால், டெங்குவின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. சிலருக்கு அப்போது ரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் சரியும். கஷாயம் குடித்தாலும் சரி, மாத்திரை போட்டாலும் சரி, அடுத்த 2 நாட்கள் கவனமாக இருக்க வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டிய அறிகுறிகள்:

- கடுமையான வயிற்று வலி
- நிற்காத வாந்தி
- மூக்கு, ஈறுகளில் ரத்தம். கறுப்பாக மலம் போவது
- கை, கால் சில்லிட்டுப் போவது
- மிகுந்த சோர்வு, மூச்சுத் திணறல்
- சிறுநீர் குறைவது

ரெண்டையும் சேர்த்து எடுக்கலாமா?

2012-ல் அரசு செய்தது அதைத்தான். ஆனால் ஒன்றை மறைத்து இன்னொன்றை எடுக்கக் கூடாது. கஷாயம் குடிப்பதை டாக்டரிடமும், சாப்பிடும் மாத்திரைகளை சித்த மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை, ரத்த அழுத்தம் அல்லது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கஷாயம் குடிக்க வேண்டாம்.

காய்ச்சல் 2 நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை அவசியம். வீட்டில் டிரம், தொட்டித் தண்ணீரை மூடி வைத்து, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான்.