இடம் பெயர்ந்தோரும் அறளை பெயர்ந்தோரும்

முதுமையில் நினைவு தடுமாறியவரைப் பார்த்து "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்வது ஈழத்துத் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கு. வைத்தியர்கள் மறதிநோய் என்று கூறுவதை நம் முன்னோர் ஒரு பெயர்ச்சியாகவே கண்டனர். பெயர்தல் என்ற சொல்லோ திருகோணமலை மாவட்டத்தவராகிய நமக்கு இன்னொரு வகையிலும் பழக்கமானது. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியரின் குண்டுகளுக்கு அஞ்சி ஊரைவிட்டுப் பெயர்ந்தோம். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் இனவெறித் தீக்குத் தப்பி இம்மாவட்டத்துக்குப் பெயர்ந்து வந்தவர்களும் இங்கிருந்து பெயர்ந்து போனவர்களும் உண்டு. 1990இல் போர், 2004இல் ஆழிப்பேரலை, 2006இல் மறுபடியும் போர். ஓர் ஆயுட்காலத்துக்குள் இவற்றுள் மூன்றையோ நான்கையோ கண்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டி நிற்கின்றனர். அவர்களுட் சிலருக்கு இப்போது அறளையும் பெயர்கின்றது.

இத்தகையோரை ஏற்றுப் பராமரிக்கும் இல்லங்கள் எத்தராதரத்தில் அமையவேண்டும் என்ற கேள்வி இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. தராதரம் என்றவுடன் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே இத்தனை அடி, மலசலகூடத்துச் சுவரில் கைப்பிடி என்ற அட்டவணைதான் நம் நினைவுக்கு வரும். அவை தேவையானவையே. ஆயினும் பழைய ஏடுகளை ஊன்றி நோக்குவோருக்கு ஓர் உண்மை புலனாகும்: நினைவிழந்தோர் பராமரிப்பின் வரலாறு, பெரும்பகுதி, மனிதரைக் கட்டிவைப்பதா அவிழ்த்துவிடுவதா என்ற போராட்டத்தின் வரலாறே.

இவ்வெண்ணம் எனக்கு முதலில் நூல்களைப் படித்துத் தோன்றியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவியருடன் முதியோர் இல்லமொன்றுக்குச் சென்றிருந்தேன். அவ்வில்லத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அங்கே பணிபுரிவோர் கொடியவர்களும் அல்லர். மாலை நான்கு மணியிருக்கும். கூடத்தின் ஓரத்தில் ஒரு மூதாட்டி பழஞ்சேலைத் துண்டொன்றினால் நாற்காலியோடு இடுப்பிற் கட்டப்பட்டிருந்தார். மடியிலே ஒரு பொட்டளி. ஏன் இப்படி என்று பொறுப்பான அம்மையாரிடம் கேட்டேன். "பின்னேரமானால் பொட்டளியைக் கட்டிக்கொண்டு படலைக்குப் போயிடுவா, ரீச்சர். வீட்ட போகவேணுமாம். வெளியில மெயின் ரோட்டு, லொறி ஓடுற இடம். நாங்கள் ரெண்டு பேர்தான். மற்ற ஆக்களை ஆர் பார்க்கிறது?" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விசாரித்ததில் மூதாட்டி சம்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவர் என்று தெரியவந்தது. 2006 ஏப்ரலில் அங்கே குண்டுவீச்சுத் தொடங்கிய பின்னர் அப்பகுதி மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்குச் சென்றனர். பின்பு கிளிவெட்டி முகாமிலே பலர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். நிலம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இலேதான். ஒன்பது ஆண்டுகள் "வீட்டுக்குப் போகவேண்டும்" என்ற ஒரே கோரிக்கையை அரசாங்கத்தின் முன் வைத்திருந்த சமூகத்தைச் சேர்ந்த பெண், அறளை பெயர்ந்த பிறகும் அதே கோரிக்கையைப் படலையில் நின்று சொல்கிறார். மாலை வேளையில் அமைதியிழத்தலும் வீடு தேடிப் புறப்படுதலும் மறதிநோயாளரிடம் உலகெங்கும் காணப்படும் இயல்பு என்று வைத்திய நூல்கள் கூறும். பொட்டளி மட்டும் நம்முடையது.

மனம் பெயர்ந்தோரை இத்தீவின் ஆட்சியாளர் எங்கே வைத்தனர்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் அமைத்த தொழுநோயாளர் விடுதியே மனநோயாளருக்கும் புகலிடமாயிற்று. 1847இல் பொரளையில் தனிக்காப்பகம் எழுந்தது. 1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் யாரை, எவருடைய ஆணையின் பேரில் உள்ளே வைக்கலாம் என்பதை வகுத்துரைத்தது. உள்ளே வைப்பதிலேதான் அச்சட்டத்துக்கு அக்கறை. உள்ளே ஒருவர் எவ்வாறு வாழ்வார் என்பது அதற்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. 1920களின் பிற்பகுதியில் அங்கொடை வைத்தியசாலை திறக்கப்பட்டது. அதே காலத்தில்தான் நம் துறைமுகத்தையடுத்த சீனக்குடாவில், ஏகாதிபத்தியக் கடற்படைக்காக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடிய எண்ணெய்த் தாங்கிகள் கட்டப்படலாயின. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை தொண்ணூற்றொன்பது. எண்ணெயைப் பேணுவதற்கு வேண்டிய தராதரம் என்னவென்பது அவ்வரசுக்கு அங்குல அளவாகத் தெரிந்திருந்தது. அங்கொடையிலோ பத்தாண்டு கழிவதற்குள் இடம் போதவில்லை. 1937இல் இலங்கைக்கு வந்த லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் எட்வேர்ட் மபோதர் அந்நெருக்கடியைத் தம் அறிக்கையிற் கண்டித்தார். "அங்கொடை" என்ற ஊர்ப்பெயர் வசைச்சொல்லாக மாறியது தற்செயலன்று.

இங்கு ஒரு ஐயம் எழலாம். அறளை பெயர்ந்த முதியோருக்கு ஏன் அக்காலத்திலே தனியிடமும் தனிமுறையும் வகுக்கப்படவில்லை? அது நோயாகவே கருதப்படவில்லை என்பதே விடை. 1901 நவம்பரில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரக் காப்பகத்தில் ஒகுஸ்ட டேட்டர் என்ற பெண் சேர்க்கப்பட்டார். புகையிரத இலாகா எழுதுவினைஞர் ஒருவரின் மனைவி, வயது ஐம்பத்தொன்று. கணவரின் பெயர் என்ன என்று வைத்தியர் அலொய்ஸ் அல்ஸைமர் கேட்டபோது தன் பெயரையே விடையாகச் சொன்னார். 1906 ஏப்ரலில் அவர் இறந்தார். அவரது மூளையை ஆராய்ந்து கண்டவற்றை அதே ஆண்டு நவம்பரில் ரியூபிங்கன் நகரிற் கூடிய வைத்தியர்கள் முன்னிலையில் அல்ஸைமர் எடுத்துரைத்தார். எவரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. 1910இல் கிரேப்பெலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார். ஆனால் அப்பெயர் அறுபத்தைந்துக்கு முன் நினைவிழந்தோருக்கே உரியதாக நின்றது. எழுபதிலும் எண்பதிலும் அதே நிலையை அடைந்தவர்கள் "வயது போய்விட்டது" என்று ஒதுக்கப்பட்டனர். 1968இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் புளெசெட், தொம்லின்சன், ரோத் ஆகியோர் முதியோரின் மூளைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகளும், 1976இல் அமெரிக்க வைத்தியர் ரொபேட் கட்ஸ்மன் எழுதிய தலையங்கமுமே இரண்டும் ஒரே நோய்தான் என்ற கருத்தை நிலைநிறுத்தின. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக முதியவரின் மறதி விதியாக எண்ணப்பட்டது. விதிக்கு எவரும் தராதரம் வகுப்பதில்லை அல்லவா?

கட்டிவைத்தல் அதைவிடப் பழைய கதை. 1838இல் லிங்கன் நகரில் கார்டினர் ஹில்லும் அடுத்த ஆண்டில் லண்டனை அடுத்த ஹன்வெலில் ஜோன் கொனொலியும் மனநோயாளரின் விலங்குகளை அகற்றிக் காட்டினர். அதன் பிறகும், அவர்களுடைய மொழியைப் பேசும் அமெரிக்காவில், முதியோர் மருத்துவ இல்லங்களில் கட்டிவைப்பதைச் சட்டம் கட்டுப்படுத்த 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒழுங்குக்காகவோ ஊழியரின் வசதிக்காகவோ எவரையும் கயிற்றாலோ மருந்தாலோ கட்டக்கூடாது என்பது அச்சட்டத்தின் சாரம். மருந்தாலும் என்ற சொல்லை நாம் கவனித்தல் வேண்டும். சேலைத் துண்டை அவிழ்த்துவிட்டு உறக்க மாத்திரையைக் கொடுத்தால் கூடத்தைப் பார்க்க வருவோரின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், மனக்குழப்பத்துக்கான புதிய வகை மருந்துகள் மறதிநோயுள்ள முதியோரின் இறப்பைக் கூட்டுகின்றன என்று எச்சரித்தது. 2009இல் பிரித்தானிய அரசுக்காகப் பேராசிரியர் பானர்ஜி தயாரித்த அறிக்கை, அந்நாட்டில் அத்தகைய மருந்துகள் ஏறத்தாழ 180,000 மறதிநோயாளருக்குக் கொடுக்கப்படுவதாகவும், அதனால் ஆண்டுதோறும் 1,800 பேர் வரை கூடுதலாக இறப்பதாகவும் மதிப்பிட்டது. இது செல்வந்த நாட்டின் கணக்கு.

நமக்கு அண்மையிலும் எடுத்துக்காட்டு உண்டு; நோய் வேறு, சங்கிலி ஒன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி மனநோயாளர் விடுதியொன்று தீப்பற்றியபோது சங்கிலியிற் கட்டுண்டிருந்த 28 பேர் மாண்டனர். தீ வந்தபின்னரே சட்டம் வந்து பார்த்தது.

கிழக்கே ஜப்பானை நோக்கினால் வேறொரு பாதை தெரிகின்றது. 2000ஆம் ஆண்டில் அங்கு முதியோர் பராமரிப்புக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தபோதே, அதன் கீழ் இயங்கும் இல்லங்களில் உடலைக் கட்டிவைத்தல் தடைசெய்யப்பட்டது. மறதிநோயாளர் ஐவர் முதல் ஒன்பதின்மர் வரை ஒரு வீட்டில், ஓர் அடுப்பங்கரையைச் சூழ்ந்து வாழும் சிறு இல்லங்கள் பெருகின. கறி அரிபவர் அரிவார். துணி மடிப்பவர் மடிப்பார். 2004இல் அந்நோய்க்கு வழங்கிய பழைய பெயர் இழிவானது என்று அரசே அதனை மாற்றியது. 1942இல் நம்மீது குண்டு போட்ட நாடுதான். நல்லதை எங்கிருந்தும் கற்கலாம்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கெனத் தேசிய சபையையும் செயலகத்தையும் தோற்றுவித்தது. இல்லங்களைப் பதிவுசெய்ய வழிசெய்தது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று விதித்தது. தவறும் பிள்ளையிடமிருந்து பராமரிப்புப் பணம் பெற்றுத்தரச் சபையொன்றையும் அமைத்தது. நல்ல சட்டமே. ஆயினும் பிள்ளைகள் கடலோடு போனவர்களும், போரிற் காணாமற் போனவர்களும், கனடாவிற் குளிரில் இரவுவேலை செய்பவர்களும் இருக்கின்ற மாவட்டத்தில் அச்சட்டம் யாரைத் தேடிப் போகும்? அதிலே மறதிநோயாளருக்கென ஒரு தனிப்பிரிவு இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேற்பட்டோர் அறுபதைக் கடந்தவர்கள். 2003இல் வெளிவந்த றாகமைப் பகுதி ஆய்வில் அறுபத்தைந்தைக் கடந்த 703 பேரைப் பரிசோதித்து, அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு இந்நோயிருப்பதைக் கண்டனர். வயது ஏற ஏற இவ்விகிதமும் ஏறும்.

இதுவரை சுமையைச் சுமந்தவர்கள் வீட்டுப் பெண்கள். என் அம்மம்மா டொக்யாட் தொழிலாளி ஒருவரின் மகள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி குண்டு விழுந்தபோது அவருக்கு எட்டு வயது. கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் பெயர்களெல்லாம் அவரை விட்டுப் போய்விட்டன. சீனக்குடாப் பக்கத்திலிருந்து விமானம் எழுந்தால் மட்டும் மேசைக்கடியிற் புகுந்து, எங்களையும் கையைப் பிடித்து உள்ளே இழுப்பார். அவரைக் கட்டவேண்டி வரவில்லை. அதற்குக் காரணம் எங்கள் அன்பு என்று சொல்லிப் பெருமைப்பட நான் தயாராயில்லை. வீட்டில் முறைவைத்துப் பார்க்க மூன்று பெண்கள் இருந்தோம்; என் தாயார் வேலையை விட்டார்; அவ்வளவுதான். அவ்வசதியில்லாத வீடுகளின் பெண்கள் மத்திய கிழக்கில் பிறர் வீட்டுச் சமையலறையில் நிற்கின்றனர். முதியோர் பராமரிப்பிற் பயிற்சியும் தகைமைச் சான்றிதழும் பெற்றோர் இஸ்ரேலுக்குச் சென்று அந்நாட்டு முதியோரைப் பராமரிக்கின்றனர். பயிற்சி பெற்ற கைகளை ஏற்றுமதி செய்துவிட்டு, சொந்த மண்ணின் இல்லத்தில் இருவரை வைத்துக்கொண்டு சேலைத் துண்டைக் குறைகூறுவது எவ்வகை நியாயம்? ஆளெண்ணிக்கையும் அவர்களின் சம்பளமும் தராதரத்தின் முதலாம் பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை.

இரண்டாம் பக்கத்தில் மொழி. நம் மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தாரும் வாழ்கின்றனர். எந்த இனமும் தனித்துப் பாதியை எட்டவில்லை. இந்நோயில் பிற்காலத்திற் கற்ற மொழி பெரும்பாலும் முன்னதாக நழுவும். தாய்மொழி கடைசிவரை ஒட்டியிருக்கும். 1957 ஒக்ரோபரில் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை ஆங்கிலத்திலும், பிறகு சிங்களத்திலும் பேசிப் பிழைத்த ஒரு தமிழ்த் தொழிலாளி, நோயின் பிடியில் முற்றாகத் தமிழுக்குத் திரும்பிவிடுவார். தண்ணீர் கேட்பது விளங்காவிட்டால், பிதற்றுகிறார் என்று மாத்திரை கொடுக்கப்படும். தமிழர் இல்லத்தில் இருக்கும் சிங்கள மூதாட்டிக்கும் இதே கதிதான். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கந்தோர்ப் படிவங்களில் அதனைத் தேடும் நாம், ஒருவருடைய கட்டிலருகே அது இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

அன்று இல்லத்திலிருந்து திரும்பியபின் மாணவியர் தாமாகவே ஒரு வேலையைத் தொடங்கினர். ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு தாள்: வீட்டில் அழைத்த பெயர், தாய்மொழி, செய்த தொழில், விரும்பி உண்பது, எதற்கு அஞ்சுவார், மாலையில் எங்கே போகவேண்டும் என்பார். உறவினரைத் தேடிப்பிடித்துக் கேட்டு எழுதினார்கள். சம்பூர் மூதாட்டியின் தாளில், பின்னேரம் நான்கு மணிக்கு அவரைப் பொட்டளியோடு வளவுக்குள்ளே ஒரு சுற்று நடத்திக் கூட்டிவந்தால் இருந்துவிடுவார் என்று எழுதியிருந்தது. அவர் மருமகள் சொன்ன யோசனை அது. பொறுப்பான அம்மையார் தாள்களையெல்லாம் வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, இவற்றைச் சிங்களத்திலும் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். இரவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதாம்.