பிங் பிறந்த கதை

வீடியோ காலில் அம்மா முகம் பாதியில் உறைந்து போவது, ஊரை விட்டு வந்த நம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். "பேசிட்டே இருக்கேன், வச்சுட்டியேடா?" என்று போன வாரம் அம்மாவுக்குக் கோபம். அப்போதுதான் விண்டோஸிலேயே இருக்கும் 'பிங்'கைத் தேடிப் போனேன். (நானே பி.காம். தான், பயப்படாமல் படிக்கலாம்!)

எழுதியவர் மைக் மூஸ். மேரிலாந்தில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை. 1983 டிசம்பரில் அங்கே நெட்வொர்க் தகராறு. சின்னத் தகவல் ஒன்றை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பதைப் பற்றி டேவ் மில்ஸ் அந்த வருடம் பேசியது நினைவுக்கு வர, மளமளவென்று எழுதினார். அளக்கவில்லை. யூனிக்ஸுக்குள்ளேயே கை வைக்க வேண்டியிருந்தது. அதையும் முடித்து கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினால்... பழைய கோளாறையே காணோம்! மெக்கானிக்கைக் கண்டதும் ஒழுங்காக ஓடும் ஸ்கூட்டர் மாதிரி. சோனார் எழுப்பும் ஒலிதான் பெயரானது.

1986 அக்டோபரில் இன்னொரு கூத்து. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கஜம்தான். விநாடிக்கு 32,000 பிட் போன வழியில் 40 பிட்தான் போனது! அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன்தான், தகவல் எந்தெந்த ரவுட்டரைத் தாண்டுகிறது என்று காட்டும் 'ட்ரேஸ்ரூட்'டையும் 1987-இல் எழுதினார். விண்டோஸில் அது 'ட்ரேசர்ட்'.

நான் முதலில் வீட்டு ரவுட்டருக்கே பிங் அடித்தேன். 400 மில்லி செகண்ட்! அடுத்த அறைக்குப் போய்வரவா இத்தனை நேரம்? பார்த்தால், ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால். எடுத்து பீரோ மேல் வைத்தேன், 3 ஆனது. கூடுதல் பணம் கட்டி பிளானை மாற்ற இருந்தேன்.

இந்த ஞாயிறு அம்மா முக்கால் மணி நேரம் பேசினாள். பாதி, என் தொப்பையைப் பற்றி.