கதவு மேஜையான கதை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே சாய்த்து வைத்திருக்கும் தேக்குத் தூண்கள், நிலைகள், ஜன்னல்கள், போதிகைகள்... பலவும் ஒரு காலத்தில் செட்டிநாட்டு வீடுகளில் இருந்தவை. அங்கிருந்து கிளம்பும் கதவு, மேலே கண்ணாடி போட்டதும் சாப்பாட்டு மேஜை ஆகிவிடுகிறது. ஜன்னல் சட்டத்துக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி ஏறுகிறது. இரண்டு போதிகைகளைச் சுவரில் பொருத்திப் பலகை போட்டால் புத்தக அலமாரி ரெடி!

இந்தத் தேக்கில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. நகரத்தார் அங்கே வட்டித்தொழில் நடத்திய காலத்தில் லாபம் ஊருக்கு வந்து வீடாக நின்றது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள்.

1930-களில் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் பணம் கட்ட முடியவில்லை, நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம்தான் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். பேரேட்டில் சொத்து ஏறியது, பெட்டியில் காசு இல்லை. 1942-ல் ஜப்பான் படை வந்தது, பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது.

ஊரில் வீடு மட்டும் மிஞ்சியது. ஆனால் அது ஒருவருடையது அல்ல. தலைமுறைக்குத் தலைமுறை பங்காளிகள் பெருகினார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். ஓடு மாற்ற எல்லோரும் பணம் போட வேண்டும், விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே ஒத்துக்கொண்டாலும் அத்தனை பெரிய வீட்டை யார் வாங்குவார்கள்? ஒரு தூணை வாங்க மட்டும் ஆள் உண்டு.

கணக்கியல் படித்தவர்களுக்கு இது புரியும். ஒரு நிறுவனத்தை நடக்கிற தொழிலாக மதிப்பிட்டால் ஒரு தொகை, பிரித்து விற்றால் வேறு தொகை. பல வீடுகளில் இரண்டாவதுதான் ஜெயித்தது. பழைய மரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று வாங்குபவர் நினைக்கிறார். அவர் கொடுக்கும் விலையே அடுத்த வீட்டை இடிப்பதையும் லாபமாக்குகிறது என்பதுதான் சிக்கல்.

மரத்தைக் கழற்றலாம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளிங்கு போல் தேய்த்த சுண்ணாம்புச் சுவரைக் கழற்ற முடியுமா? அது இடிபாட்டோடு போய்விடும். வளவில் விழும் வெயிலுக்கும் விலைச்சீட்டு கிடையாது.

வேறு வழிகளும் இருந்தன. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்தன. சென்னை அருகே 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறின.

அடுக்குமாடி வீட்டின் ஹாலில் இருக்கும் கஜலட்சுமி நிலைக்கு மட்டும் இப்போது பின்னால் வீடு இல்லை. நடுவில் தட்டுகள் அடித்து டி.வி. வைத்திருக்கிறார்கள். எந்த ஊர், யார் வீட்டு நிலை என்று கேட்டால் பெரும்பாலும் காரைக்குடியில் வாங்கியது என்றுதான் பதில் வரும்.