காக்களூரில் கொடுத்த லேப்டாப்பும் அதற்குள் தொலைந்த ஓஎஸ்ஸும்

அத்திப்பட்டு என்றதும் 2001-இல் வந்த ‘சிட்டிசன்’ படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமல் போகும் அத்திப்பட்டிதான் பலருக்கும் ஞாபகம் வரும். நிஜ அத்திப்பட்டு எங்கேயும் போகவில்லை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் எண்ணூர் தாண்டி முதலில் அத்திப்பட்டு புதுநகர், அடுத்து அத்திப்பட்டு. பக்கத்திலேயே வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இந்தத் தடத்து ஊர்களில், அத்திப்பட்டோ மீஞ்சூரோ பொன்னேரியோ, பீரோ மேலேயும் பரணிலும் இன்னும் கிடக்கிற ஒரு பொருளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு: அரசு கொடுத்த இலவச லேப்டாப். அதற்குள்ளும் ஒன்று காணாமல் போனது. அதை யாரும் திருடவில்லை, பெரும்பாலும் வேண்டுமென்று அழிக்கவும் இல்லை.

திட்டம் தொடங்கியதே இந்த மாவட்டத்தில்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி திட்டமும் அன்றைக்கேதான். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும், கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் லேப்டாப். அடுத்த ஒன்பது வருஷத்தில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்து முடித்தார்கள். ஒரு மாநில அரசு ஒரே வகைப் பொருளை இந்த எண்ணிக்கையில் மாணவர்கள் கையில் கொடுத்தது சின்ன விஷயமில்லை. இலவசம் என்று கிண்டல் பண்ணியவர்கள் வீட்டில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை: லேப்டாப் வந்த நேரம் கரண்ட் இல்லாத நேரம். 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த மாவட்டங்கள் உண்டு. லேப்டாப் என்பதால் பேட்டரி இருந்தது. டெஸ்க்டாப் கொடுத்திருந்தால் அலங்காரப் பொருளாகத்தான் நின்றிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் தொகுதிகளில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஓஎஸ் இரண்டு. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொன்று பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7-இன் ஆகக் கடைசிப் படி: 32 பிட் மட்டும், 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் எடுத்துக்கொள்ளாது, டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற விடாது. பாஸ் லினக்ஸ் நம்ம ஊர்ச் சரக்கு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. அடித்தளம் டெபியன் லினக்ஸ். தமிழ் உட்பட இந்திய மொழிகள் அதில் முதலிலிருந்தே உண்டு. லேப்டாப் வாங்கிக் கொடுத்த எல்காட்டுக்கும் லினக்ஸ் புதிதில்லை. உமாசங்கர் ஐஏஎஸ் அங்கே நிர்வாக இயக்குநராக இருந்தபோதே அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தார்கள்.

ஆக, ஒரே பெட்டிக்குள் இரண்டு விதமான எதிர்காலம். விண்டோஸ் 7 எப்போது சாகும் என்பதைத் தீர்மானிப்பது அதை விற்ற கம்பெனி. லினக்ஸில் அடுத்த பதிப்பு வந்தால் காசில்லாமல் ஏற்றிக்கொள்ளலாம், மெஷின் தாங்குகிற வரைக்கும். பத்து வருஷம் கழித்து அத்திப்பட்டு வீட்டில் ஒரு பையன் “அண்ணே, இது ரொம்ப ஸ்லோவா இருக்கு, அப்டேட்டும் வர மாட்டேங்குது” என்று கடைக்காரரிடம் கேட்கப்போகிற கேள்விக்கு, பதில் அதே ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலையில் ஏற்கெனவே இருந்தது.

அது எப்படிப் போச்சு என்பதுதான் சுவாரசியம். இரண்டு ஓஎஸ் உள்ள மெஷினை ஆன் செய்தால் முதலில் ஒரு பட்டியல் வரும்: எது வேண்டும், விண்டோஸா, லினக்ஸா? அந்தப் பட்டியலைக் காட்டும் சின்ன நிரலுக்கு க்ரப் என்று பெயர். அந்தக் கால மெஷின்களில் அதன் தொடக்கப் பகுதி ஹார்ட் டிஸ்க்கின் முதல் துண்டில், வெறும் 512 பைட் இடத்தில் உட்கார்ந்திருக்கும். வைரஸ் வந்ததும் கடைக்குக் கொண்டுபோய் “ஓஎஸ் போட்டுக் குடுங்க” என்போம் இல்லையா, அப்போது விண்டோஸைத் திரும்ப நிறுவினால் அது அந்த முதல் துண்டில் தன்னுடையதை எழுதிவிடும். பக்கத்தில் இன்னொரு ஓஎஸ் இருக்கிறதா என்று கேட்காது. பட்டியல் மறைந்தது. பாஸ் லினக்ஸ் அழியவில்லை. உள்ளே அப்படியே இருந்தது, போக வழிதான் இல்லை. விண்டோஸுக்கு லினக்ஸின் கோப்பு முறையும் படிக்கத் தெரியாது. அதனால் மை கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விவரம் தெரிந்த கடைக்காரர் அந்தப் பெயரில்லாத இடத்தை அழித்து டி டிரைவோடு சேர்த்துக் கொடுப்பார். “இடம் அதிகமாயிடுச்சு தம்பி” என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இல்லை?

கடைக்காரரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருக்குத் தெரிந்தது விண்டோஸ்; அது பெரும்பாலும் திருட்டு காப்பி ‘அல்டிமேட்’. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்த வருஷங்களில் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலின் முதல் தொகுதி முழுக்க ஸ்டார் ஆபீஸ். ஸ்டார் ஆபீஸ் என்ற பெயரையே ஆரக்கிள் 2010-இல் கைவிட்டது. அதற்கப்புறமும் நம் பிள்ளைகள் 2018-19 வரை அதைப் படித்துப் பரீட்சை எழுதினார்கள். கையில் கொடுத்த லேப்டாப்பில் லினக்ஸ். பாடத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. 2018-இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில்தான் விண்டோஸோடு உபுண்டுவும் இடம் பிடித்தது. அதாவது மெஷின் கொடுத்து ஏழு வருஷம் கழித்து. இந்த ஏழு வருஷ இடைவெளிதான் பாஸைக் கொன்றது என்பது என் கணிப்பு. லினக்ஸ் கஷ்டம் என்பது இரண்டாவது காரணம்தான்.

அரசு அலுவலகங்கள் மட்டும் ஒழுங்கா என்றால் அங்கேயும் இதே கதை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஓடு ஆதரவு முடிந்தது. துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. ஆனால் பல வருஷக் கோப்புகள் ‘வானவில் அவ்வையார்’ எழுத்துருவில் கிடந்தன. 2010 கோவை செம்மொழி மாநாட்டின்போதே யூனிகோடுதான் என்று அரசாணை வந்துவிட்டது; தட்டச்சு செய்கிறவர் விரல் அரசாணையைப் படிக்குமா? எழுத்துருவை விட்டால்தான் ஓஎஸ்ஸை விட முடியும் என்ற நிலை. எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் சரியாகத் தெரியவே சிடியைப் போட்டு, கன்ட்ரோல் பேனலில் ஒரு கட்டத்தை டிக் செய்து, கூடுதல் கோப்புகள் ஏற்ற வேண்டியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறித் தனித்தனியாக நிற்கும். விண்டோஸ் விஸ்டாவில்தான் அந்தத் தொல்லை போனது. தமிழர்களுக்கு ஓஎஸ் அப்கிரேடு என்பது வேகத்துக்காக மட்டும் இல்லை, ‘கொ’வைக் ‘கொ’ என்று பார்ப்பதற்காகவும்தான்.

இந்த லேப்டாப்புகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10 வெளியானபோது, 7-உம் 8.1-உம் வைத்திருப்பவர்கள் ஒரு வருஷத்துக்குள் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். இலவசம்தான், ஆனால் டவுன்லோடு 3 ஜிபிக்கு அருகில். அன்றைக்கு 1 ஜிபி டேட்டா ஏறக்குறைய 250 ரூபாய். போன் ஹாட்ஸ்பாட்டில் நெட் எடுக்கிற வீட்டில் இந்த ‘இலவசத்தை’ யார் தொடுவார்? சலுகை 2016 ஜூலை 29-இல் முடிந்தது. ஜியோ வந்தது செப்டம்பர் 5. ஐந்தே வாரம். இந்த இரண்டு தேதியும் இடம் மாறியிருந்தால் எத்தனை லேப்டாப் பிழைத்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரசரவென்று நடந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு நின்றது. மார்ச் கடைசியில் ஊரடங்கு. வீட்டிலிருந்து படிக்க லேப்டாப் உயிரைக் காக்கும் என்ற நிலை வந்தபோது, கையிலிருந்த லேப்டாப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று இரண்டரை மாதம் ஆகியிருந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை செயலியாவது வேண்டும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் கெடு முடிந்தது.

இன்றைக்கு அந்த மெஷினை என்ன செய்யலாம்? ஸ்டார்ட்டர் 32 பிட் என்றாலும், அந்தக் கால டூயல் கோர் செயலிகள் பெரும்பாலும் 64 பிட் ஓஎஸ்ஸைத் தாங்கும். இது முக்கியம், ஏனென்றால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. லினக்ஸும் சிரஞ்சீவி இல்லை. சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனால் ரேமும் எஸ்எஸ்டியும் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமை 4 ஜிபி ஆக்கி, எக்ஸ்எஃப்சிஇ போன்ற எடை குறைந்த திரையோடு லினக்ஸ் ஏற்றினால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கிற பையனுக்குத் தேவையான பிரவுசரும், பயோடேட்டா அடிக்க லிப்ரே ஆபீஸும் ஓடும். வீடியோ எடிட்டிங், புதிய கேம் எல்லாம் கேட்காதீர்கள். டேலி மட்டும்தான் வேலை என்பவருக்கும் இது ஒத்துவராது.

ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். பழைய விண்டோஸ் இன்னும் ஓடினால், மை கம்ப்யூட்டரை ரைட் கிளிக் செய்து மேனேஜ், அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட். சி, டி என்று எழுத்துப் போட்ட கட்டங்களுக்கு நடுவிலோ கடைசியிலோ, பெயரும் எழுத்தும் இல்லாமல் சில ஜிபிக்கு ஒரு கட்டம் இருக்கலாம். விண்டோஸின் ரெக்கவரி பகுதியாக இருந்தால் பக்கத்தில் அப்படியே எழுதியிருக்கும். எதுவும் எழுதாமல் பெரிதாக இருந்தால், 2011-இல் கொடுத்த பாஸ் அங்கேதான் இருக்கிறது.