மண்ணுக்கடியில் உலோகம்: சுருளும் பேட்டரியும்

பெங்களூருவின் யஷ்வந்தபுரத்தில் 1891-இல் ரயில் பாதைக்காக மண் வெட்டியபோது 163 ரோமானிய வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் காலத்துக் காசுகள் அவற்றில் இருந்தன. இந்தப் புதையல் வெளிவந்தது மண்வெட்டியால்தான். தோண்டாமலே உலோகத்தை அறியும் கருவி அப்போது சோதனை நிலையைத் தாண்டவில்லை.

அதற்குப் பத்தாண்டு முன்னர், 1881-இல், சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் கம்பிச் சுருள்களையும் பேட்டரியையும் தொலைபேசிக் காதுக்குழலையும் இணைத்தார். சுருளில் மின்னோட்டம் மாறும்போது காந்தப்புலம் எழும். அருகில் உலோகம் வந்தால் சுருள்களுக்கிடையே இருந்த சமநிலை குலைந்து காதில் ஒலி கேட்கும். குண்டு அகப்படவில்லை. ஆனால் இன்றைய மெட்டல் டிடெக்டரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

1937-இல் கெர்ஹார்ட் ஃபிஷர் மெட்டல் டிடெக்டருக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அக்காலத்துக் கருவிகளில் வால்வு எனும் வெற்றிடக் குழலின் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, உயர் மின்னழுத்தத்துக்கு இன்னொன்று எனச் சுமை ஏறியது. போலந்துப் பொறியாளர் யோசஃப் கோசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காட்டி 1942-இல் எகிப்தின் எல் அலமெய்ன் போரில் பயன்பட்டது. வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வந்த பிறகே டார்ச் லைட் பேட்டரியில் ஓடும் அளவுக்குக் கருவி இளைத்தது.

பேட்டரியைப் பெரிதாக்கினால் ஆழம் பெருகும் என்ற எண்ணம் தவறு. சிறிய பொருளுக்கும் சுருளுக்கும் இடையே தூரம் இரட்டித்தால் திரும்பி வரும் சமிக்ஞை ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆழத்தைத் தீர்மானிப்பதில் சுருளின் அகலத்துக்கே பங்கு அதிகம். அகன்ற சுருள் பானை போன்ற பெரிய பொருளை ஆழத்தில் காட்டும். ஒற்றைக் காசைத் தவறவிடும். சிறிய சுருள் ஆணியும் தகரமும் சிதறிய இடத்தில் காசைப் பிரித்துக் காட்டும். பெங்களூருவைச் சுற்றியுள்ள செம்மண்ணுக்கு அதன் நிறத்தைத் தருவது இரும்பு ஆக்சைடு. இத்தகைய மண்ணே பொய்க்குறி எழுப்பக்கூடும் என்பதால், ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியும் இரண்டு டி வடிவச் சுருள்களே இங்கே ஏற்றவை. ஸ்பீக்கருக்குப் பதில் ஹெட்போன் போட்டால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். வேலை முடிந்ததும் செல்களைக் கழற்றி வைத்தால் கசிவு கருவியை அரிக்காது.

காசைவிட அது எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்பதே வரலாற்றுக்குப் பெரிய சான்று. தோண்டி எடுத்த கணத்தில் அந்தச் சான்று அழிந்துவிடும். கர்நாடகத்தில் 1962-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் நடைமுறையில் உள்ளது. பழங்காசு தென்பட்டால் கை வைக்காமல் மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.