வார்ப்பிரும்பு மேசைத்தளம்: புதுச்சேரியில் துருக்காப்பு

மரம் இழைக்கும் பிளேனர், வட்டரம்பம், பேண்ட்சா ஆகிய தச்சு இயந்திரங்களில் கட்டை தவழ்ந்து செல்லும் மட்டமான பரப்பே வார்ப்பிரும்பு மேசைத்தளம். இயந்திரத்தின் மற்ற பகுதிகளுக்குப் பெயின்ட் உண்டு, இதற்கு இல்லை. பெயின்ட் அடித்தால் மட்டம் கெடும், கட்டை உரசும் இடத்தில் அது உரிந்தும் போகும். வெற்று இரும்பாகவே இருந்தாக வேண்டிய இப்பரப்பைக் கடற்கரை நகரான புதுச்சேரியில் காப்பது உள்நாட்டு ஊர்களில் காப்பது போன்றதன்று. இங்கே மேசையைக் கெடுப்பதில் மழையைவிட உப்புக்கே பெரும்பங்கு. ஆகவே எந்தப் பூச்சு நல்லது என்ற கேள்விக்கு முன்பே, பூச்சுக்கு அடியில் உப்பு இருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது.

வரலாறு: மரம் இழைக்கும் இயந்திரங்களுக்கு இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தாம் 1791இலும் 1793இலும் காப்புரிமை பெற்றார், ஜோசப் பிராமா 1802இல் மற்றொரு வகைக்குப் பெற்றார். தொடக்கத்தில் மரச்சட்டத்தில் நின்ற இயந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்புக்கு மாறின. வார்ப்பிரும்பு அதிர்வை உள்வாங்கும்; எளிதில் வளையாது; கடைசலுக்கு இணங்கும். மூன்று தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டி மெய்யான மட்டம் காணும் முறையை ஜோசப் விட்வொர்த் 1840இல் விளக்கியதற்குப் பின், மட்டமான மேசை என்பது பட்டறையின் அடிப்படைத் தேவையாயிற்று. தமிழ்க் கடற்கரைக்கும் இரும்பு வார்ப்பில் பங்குண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 அளவில் தொடங்கிய ஆலை, சேலத்துக் கனிமத்தை மரக்கரியில் உருக்கியது.   புதுச்சேரியில் 1930களின் பிற்பகுதியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே கட்டடப் பணியை ஜார்ஜ் நாகாஷிமா நேரில் மேற்பார்த்தார். பிற்காலத்தில் மர அறைகலன் செய்வதில் உலகப் புகழ் பெற்றவர் இவரே. அக்கட்டடத்தின் கதவு, சன்னல் பொருத்துகள் பித்தளையில் வார்க்கப்பட்டன. கடற்காற்று நுழைவதற்கென்றே திறந்து மூடும் சட்டங்களைக் கொண்ட கட்டடத்துக்கு அது பொருத்தமான தேர்வு. பொருத்துக்குப் பித்தளை கிடைத்தது. கனத்த வேலைக்கான இழைப்பு மேசைக்கு அப்படி மாற்று உலோகம் கிடைக்கவில்லை. ஆகவே காப்பின் சுமை முழுவதும் பராமரிப்பின் மேல் விழுந்தது.

காரணம்: சாம்பல் வார்ப்பிரும்பில் 2.5 முதல் 4 விழுக்காடு கரிமம் இருக்கும். அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகக் கிடக்கும். ஈரம் படும்போது கிராஃபைட் எதிர்மின் முனையாகவும் சுற்றியுள்ள இரும்பு நேர்மின் முனையாகவும் செயல்பட்டு இரும்பு கரைகிறது. ஈரம் மட்டுமே போதுமா என்பதை இங்கிலாந்தில் வெர்னான் ஆராய்ந்தார். 1920களில் அவர் மெல்லிய மஸ்லின் கூண்டுக்குள் வைத்த இரும்புத் தகடு, அதே அறையில் திறந்து வைத்த தகட்டைப்போல் துருப்பிடிக்கவில்லை. ஈரம் இரண்டுக்கும் ஒன்றே. துணி தடுத்தது தூசியை மட்டும். தூய காற்றில் ஈரப்பதம் உயர்ந்தாலும் துரு மெதுவாகவே வளர்கிறது என்றும், சிறிதளவு மாசு சேர்ந்தால் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டியதும் துரு விரைகிறது என்றும் அவருடைய பிந்தைய சோதனைகள் காட்டின. புதுச்சேரியில் அந்த மாசின் இடத்தில் இருப்பது கடலுப்பு. பகலில் வீசும் கடற்காற்று அதைப் பட்டறைக்குள் கொண்டுவருகிறது. வியர்த்த கையும் அதே உப்பை மேசையில் பதிக்கிறது. சோடியம் குளோரைடு 75 விழுக்காட்டு ஈரப்பதத்தில் காற்றின் நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கரைந்துவிடும். அதனால் உப்புப் படிந்த மேசை, கண்ணுக்குக் காய்ந்து தோன்றினாலும், புதுச்சேரியில் எப்பருவத்திலும் முழுமையாகக் காய்வதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தானே துரு தெரிகிறது, பிறகு உப்பைக் குற்றஞ்சாட்டுவானேன் என்று கேட்கலாம். வடகிழக்குப் பருவமழை துருவை வெளிப்படுத்துகிறது என்பது சரி. ஆனால் கூரைக்குள் இருக்கும் மேசையில் மழை பெய்வதில்லை. மாதக்கணக்கில் படிந்த உப்பே அப்போது மிகுதியாக நீரை உறிஞ்சுகிறது. இரவில் குளிர்ந்த கனமான மேசை, விடிந்த பிறகும் காற்றைவிடத் தாமதமாகவே சூடேறுகிறது. 30 பாகை வெப்பமும் 75 விழுக்காட்டு ஈரப்பதமும் கொண்ட காற்று, 25 பாகையில் உள்ள இரும்பைத் தொட்டாலே இரும்பு வியர்க்கும். இன்னொரு மறுப்பு தில்லி இரும்புத்தூணை முன்வைக்கிறது: 1,600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கும் இரும்பு துருப்பிடிக்கவில்லையே என்பது. அது வார்ப்பிரும்பன்று, அடித்து இணைத்த இரும்பு. அதிலுள்ள மிகுதியான பாஸ்பரசு, மேலே காப்புப் படலம் உருவாக உதவியதை கான்பூர் ஐ.ஐ.டி.யின் பாலசுப்ரமணியம் விளக்கினார். தில்லிக் காற்றில் கடலுப்பும் இல்லை. ஆகவே அத்தூண் இங்கு முன்மாதிரியாகாது.

வகைப்பாடு: காற்றின் அரிக்கும் திறனை ஐ.எஸ்.ஓ. 9223 தரம் ஆறு வகையாக்குகிறது. முதலாண்டில் திறந்தவெளியில் கரிம எஃகு இழக்கும் தடிமனே அளவை. சி1 வகையில் அது 1.3 மைக்ரோமீட்டருக்கு மேற்படாது, சி2இல் 25 வரை, சி3இல் 25–50, சி4இல் 50–80, சி5இல் 80–200, சிஎக்ஸ் வகையில் 200–700. கடலிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே காற்றின் உப்பு செங்குத்தாகக் குறைவதால், ஒரே ஊர் ஒரே வகைக்குள் அடங்காது. கடற்கரைச் சாலையை ஒட்டிய பட்டறைக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பட்டறைக்கும் ஒரே பராமரிப்பு அட்டவணை பொருந்தாது. இந்தியாவில் உலோக அரிப்பு ஆய்வின் தலைமையிடம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமாகிய சிக்ரி.  மண்டபத்தில் அதற்குக் கடலோரச் சோதனைக் களம் உண்டு.

காப்பு முறை: பரவலான வழக்கம், மண்ணெண்ணெயில் துடைத்து எண்ணெய் தடவுவது. மண்ணெண்ணெய் பிசினையும் பழைய கிரீஸையும் எடுக்கும்; உப்பைக் கரைக்காது. அதற்கு மேல் எதைப் பூசினாலும் உப்பு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். எனவே மண்ணெண்ணெய்க்குப் பின், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, ஸ்பிரிட்டால் எஞ்சிய ஈரத்தை எடுப்பதே சரியான முறை. இரும்பில் தண்ணீரா என்று ஆசாரிகள் தயங்குவது இயல்பு. சில நிமிடம் பட்டு உலர்ந்த தூய நீர் செய்யும் கேடு அற்பம். உப்பு செய்யும் கேடு மாதக்கணக்கில் தொடரும். பிறகு தேன்மெழுகோ கார்னூபா மெழுகோ கலந்த பாலிஷை மெல்லியதாகப் பூசித் தேய்க்க வேண்டும். எண்ணெயைவிட மெழுகே சிறந்தது: எண்ணெய் மரத்தில் கறையாகும், மரத்தூளைப் பிடித்துவைக்கும், தேங்காயெண்ணெய் சிக்குப்பிடித்தால் அமிலமாகும். சிலிக்கோன் கலந்த கார் பாலிஷ் கட்டையில் ஒட்டினால் வார்னிஷ் குழிவிடும். நீண்ட நாள் மூடும் பட்டறைக்கு மட்டும் கிரீஸ் ஏற்றது. பாலித்தீன் போர்வை ஈரத்தைச் சிறைப்பிடிக்கும். வெர்னானின் மஸ்லின் கூண்டு காட்டியபடி பருத்தித் துணியே போதும். மேசைக்கடியில் குண்டு பல்பு எரியவிடுவதும் பயன் தரும்: 26 பாகைக் காற்றில் மேசை 30 பாகைக்குச் சூடேறினால், அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 67க்கு இறங்கும். அது சாதாரண உப்பு கரையும் எல்லைக்குக் கீழே. மெக்னீசியம் குளோரைடின் எல்லைக்கு இன்னும் வெகு மேலே. துடைக்காத உப்புக்குப் பல்பும் மாற்றாகாது.

இன்றைய நிலை: புதுச்சேரி, ஆரோவில் பட்டறைகளில் இலகுவான அலுமினிய மேசை இயந்திரங்களும் புழங்குகின்றன, கனத்த வேலைக்கு வார்ப்பிரும்பே நீடிக்கிறது.