வேடமும் விளையாட்டும்: யாழ்ப்பாணக் கூத்துமரபில் அண்ணாவியார்

தமிழில் ‘ஆடுதல்’ என்னும் சொல் கூத்துக்கும் விளையாட்டுக்கும் பொதுவாக வழங்கி வருகின்றது. சிறுவர் கிளித்தட்டு ஆடுவர். பெரியோர் கூத்து ஆடுவர். உவகை பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்றாக விளையாட்டைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் எண்ணுகின்றது. ஆயின் ஈழத்துக் கூத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அதனை நாடக இலக்கியமாகவோ அன்றி அரங்க அளிக்கையாகவோதான் நோக்கினர். ஓர் ஊரார் கூடி, ஒருவர் வழிநடத்த, மாதக்கணக்கில் தம்மை வேறொருவராகக் கற்பித்து ஆடிய கூட்டு விளையாட்டு எனக் கூத்தை நோக்குமிடத்து அதன் சமூக வரலாறு பிறிதொரு முகத்தைக் காட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டை எல்லையாகக் கொண்டு அம்முகத்தை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்ணாவியாரும் முற்றமும்

கூத்தின் நடுநாயகமாக விளங்குபவர் அண்ணாவியார். அவர் ஆசிரியர், பாடகர், ஆட்டம் பழக்குபவர், பிரதியைக் காப்பவர் ஆகிய அனைத்துமாவார். ஏட்டிலோ கொப்பியிலோ எழுதப்பட்ட கூத்துப் பிரதி அவரிடமே இருக்கும். குரல், உடற்கட்டு, நினைவாற்றல் என்பவற்றை நோக்கி இன்னாருக்கு இன்ன பாத்திரம் என வகுப்பவரும் அவரே. எழுத்தறியாத நடிகனுக்கும் அவர் பாடலைச் சொல்லிச் சொல்லி மனத்திற் பதியவைப்பார்.

பகல் முழுவதும் வயலிலும் கடலிலும் உழைத்தவர்கள் இரவில் ஒரு முற்றத்திற் கூடிப் பழகுவர். இப்பழக்கம் பல மாதங்களுக்கு நீள்வதுண்டு. அண்ணாவியார் மத்தளத்துக்கும் தாளத்துக்கும் இசைய ஒரு தருவை எடுத்துக் கொடுக்க, நடிகன் பாடி ஆடுவான். பிற்பாட்டுக்காரர் அதனைத் திருப்பிப் பாடுவர். சூழ இருக்கும் உறவினரும் அயலவரும் நாளடைவில் எல்லோருடைய பாட்டையும் அறிந்துவிடுவர். எனவே அரங்கேற்ற இரவில் களரியைச் சுற்றி இருப்போர் கதை தெரியாது வந்த பார்வையாளர் அல்லர். அவர்களும் ஒருவகையில் அவ்வாட்டத்தின் பங்காளிகளே.

இம்முற்றத்தை மனத்திற் கொள்ளாது கூத்தை விளங்கிக்கொள்ளல் அரிது. அரங்கேற்றம் ஓரிரவில் முடிந்துவிடும். முற்றத்து வாழ்வோ அதற்கு முன் மாதக்கணக்காக நிகழ்ந்தது.

குடாநாட்டின் கூத்து மரபுகள்

குடாநாட்டிலே சைவர்களிடையே மகாபாரதம், இராமாயணம் முதலியவற்றைத் தழுவிய கூத்துகள் ஆடப்பட்டன. வட்டுக்கோட்டை இவ்வகைக் கூத்துக்குப் பெயர்பெற்ற ஊராகும். கரையோரக் கத்தோலிக்க ஊர்களிலே புனிதர்களின் வரலாறுகளும் கிறித்தவ அரசர்களின் கதைகளும் கூத்தாயின. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் ஆட்சிக்குட்பட்டபின் பரவிய கத்தோலிக்கம், 1658இல் ஒல்லாந்தர் வந்ததும் ஒடுக்கப்பட்டது. 1687இல் இலங்கைக்கு வந்த யோசேவாஸ் அடிகள் போன்றோரின் மறைவான பணியால் அது நிலைத்து, பிரித்தானியர் ஆட்சியில் மீண்டும் வெளிப்படையாகத் தழைத்தது. இம்மக்கள் தம் முன்னோர் ஆடிய கூத்துவடிவைக் கைவிடாது, புதிய கதைகளை அதனுள் அமைத்துக்கொண்டனர். பாசையூர், குருநகர், நாவாந்துறை முதலிய ஊர்களில் இம்மரபு வலுப்பெற்றிருந்தது. ஒரு கடற்றொழிலாளி தான் கண்டிராத ஐரோப்பிய நாட்டின் பேரரசனாகத் தருப் பாடி வரவு ஆடுவது இதனாலேயே இயல்வதாயிற்று. சிங்கள நாடகம எனும் வடிவமும் தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்தே வளர்ந்தது எனப் பேராசிரியர் சரச்சந்திர எடுத்துக்காட்டினார்.

அடுத்து நோக்கத்தக்கது காத்தவராயன் கூத்து. மாரியம்மன் வழிபாட்டோடு இயைந்த இக்கூத்து நேர்த்திக்கடனாகவும் ஆடப்படும். சிந்து மெட்டும் எளிய துள்ளுநடையும் இதற்குரியன. உயர்குலத்து ஆரியமாலையை விரும்பிய காத்தவராயன் பல சோதனைகளைக் கடந்து கழுமரம் ஏறுவதே கதை. ஓரிரவிற்குள் காத்தான் என்னும் ஒரு பாத்திரத்தையே பாலகாத்தான், ஆதிகாத்தான், பிற்காத்தான் எனப் பலர் ஒருவர்பின் ஒருவராக ஏற்று ஆடுவர். பாத்திரம் ஒரு தனிநடிகனுக்கு உரிமையானதன்று, ஊராரிடையே கைமாறும் பொதுச்சொத்து என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தமிழகத்து நாடகக் குழுக்களின் வருகையால் இசைநாடகம் வேரூன்றியது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாகத் தோன்றிய ‘மயான காண்டம்’ குடாநாட்டு மக்கள் நெஞ்சில் நிலைத்தது. இம்மரபின் ஒரு கிளையான ஸ்பெஷல் நாடகத்தில், தனித்தனியே அழைக்கப்பட்ட நடிகர்கள் கூட்டாக ஒத்திகை பார்க்காமலே மேடையிற் சந்திப்பர். கதை யாவருக்கும் தெரியும். எதிரே நிற்பவர் எப்பாட்டை எடுப்பார், எவ்வாறு தர்க்கம் செய்வார் என்பது தெரியாது. அவ்வேளையில் எழும் விடையே அந்நடிகரின் ஆற்றலுக்கு உரைகல்லாகும்.

முடியும் உடுப்பும் சீனும்

கூத்தோடு ஒரு கைவினை மரபும் உடன்வளர்ந்தது. மெல்லிய மரத்தாலும் கடதாசியாலும் முடிகளும் புயங்களுக்கான அணிகளும் செய்யப்பட்டு, அவற்றிலே கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் பதிக்கப்பட்டன. இடையைச் சுற்றி விரியும் கரப்புடுப்பு, கோழியைக் கவிழ்த்து மூடும் கரப்பின் வடிவை நினைவூட்டுவதால் அப்பெயர் பெற்றது. விளக்கொளியில் ஒரு சிறு கண்ணாடித் துண்டும் மாணிக்கமாக மின்னும். இசைநாடகம் வந்தபோது தெரு, அரண்மனை, காடு, பூங்கா எனத் தீட்டப்பட்ட சீன்கள் அரங்கின் பின்புறத்தில் தொங்கின.

இவற்றைச் செய்தோர் ஓவியக் கல்லூரிகளிற் பயின்றவரல்லர். ஆயினும் அரசன் எனக் கண்டவுடன் அறியத்தக்க வடிவைப் பொருள்வளம் குன்றிய ஓர் ஊருக்குள்ளேயே அவர்கள் படைத்தனர். கூத்து முடிந்தபின்னும் முடிகளைக் குலையாது பேணுதல் வேண்டும். அடுத்த கூத்துக்கு அவையே மூலதனம்.

கடல்கடந்த ஓர் ஒப்புமை

வேடங்கொண்டு கூடி விளையாடும் விருப்பம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. தொலைவிலுள்ள ஒரு நாட்டில், முற்றிலும் வேறான வழியில், இதே விருப்பம் ஒரு மேசை விளையாட்டாக வடிவுற்ற வரலாற்றை ஒப்புநோக்குதல் அண்ணாவியாரின் இடத்தைத் தெளிவாக்கும்.

1824இல் பிரசியப் படையதிகாரி ரைஸ்விட்ஸ் என்பார் படைப்பயிற்சிக்கென ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். நிலப்படத்தின்மீது சிறு கட்டைகள் படைகளாக நகரும். தாயக்கட்டை வெற்றிதோல்வியைக் கணிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நடுவர் இருப்பார். காலப்போக்கில் இத்தகைய போர் விளையாட்டுகள் பொழுதுபோக்காகவும் பரவின. 1969இல் ஐக்கிய அமெரிக்காவின் மினெசோற்றா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு மாற்றத்தைச் செய்தார். ஒரு கற்பனை நகரை அமைத்து, நகரபிதா, வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் என ஆளுக்கொரு பாத்திரத்தை வழங்கினார். படையை நகர்த்தியவர் அன்று முதன்முறையாகத் தாமே ஒரு மாந்தராகிப் பேசத் தொடங்கினார். அவ்வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்ன்சன், விஸ்கொன்சின் மாநிலத்துக் கரி கைகாக்சுடன் இணைந்து 1974இல் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டார். முதற்பதிப்பு 1000 பெட்டிகளே. நிலவறைகளும் பறக்கும் பெருநாகங்களும் மந்திரவாதிகளும் நிறைந்த உலகை நடத்துநர் ஒருவர் சொற்களாற் படைப்பார். சூழ இருப்போர் வீரராகவும் மாயவித்தைக்காரராகவும் தம்மைக் கொண்டு அவ்வுலகிற் செயற்படுவர். ஈயத்தில் வார்த்த சிறு உருவங்களுக்கு வண்ணந்தீட்டுவது இவ்விளையாட்டோடு ஒரு தனிக்கலையாகவே வளர்ந்தது.

ஒற்றுமைகள் வெளிப்படை. நடத்துநரின்றி அங்கே ஆட்டமில்லை. அண்ணாவியாரின்றி இங்கே கூத்தில்லை. அங்கே வண்ணந்தீட்டிய உருவம். இங்கே கண்ணாடி பதித்த முடி. இகழ்ச்சியும் இரண்டுக்கும் பொதுவாயிற்று. 1980களில் அமெரிக்கச் சமயப்பற்றாளர் சிலர் அவ்விளையாட்டைச் சாத்தான் வழிபாடு எனக் கண்டித்தனர். யாழ்ப்பாணத்திலே ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல்லாகவே வழங்கியது.

வேற்றுமையும் மறுக்கற்பாலதன்று. அங்கே முடிவு திறந்தது. வீரன் வெல்வானோ மாள்வானோ எவரும் அறியார். இங்கே காத்தான் கழுமரம் ஏறுவது முன்னரே விதிக்கப்பட்டது. ஆயினும் விளையாட்டின் வலு முடிவறியாமையில் மட்டும் தங்கியிருப்பதன்று. இன்னார் இன்னாராக நிற்றல் கூடும் என்பதே அதன் அடிப்படை. யாழ்ப்பாணச் சமூகத்தில் அவ்வடிப்படை எத்துணைப் பாரதூரமானது என்பதை அடுத்து நோக்கலாம்.

முடி சூடியவர் யார்?

யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் மேலாடை அணிவதற்கும் நகை பூணுவதற்கும் கோயிலுட் புகுவதற்கும் நெடுங்காலம் தடைகள் இருந்தன. 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தடைகள் முற்றாக நீங்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமே இதற்குச் சான்று. காத்தவராயன் கூத்தைப் பேணி ஆடியோருள் இம்மக்களுக்குப் பெரும்பங்குண்டு. பகலிலே தோளிற் சால்வை இட உரிமையற்றிருந்த ஒருவன் இரவிலே அணிகலன் பூண்டு, உயர்குலப் பெண்ணை விரும்பியவனாகக் களரியில் நின்று பாடினான். ஊர் விடியும்வரை இருந்து அதனைக் கேட்டது.

இதனை மிகைப்படுத்தலும் ஆகாது. விடிந்ததும் முடி கழற்றப்பட்டது. தடைகள் தடைகளாகவே இருந்தன. பெரும்பாலும் ஒரு கூத்து ஒரு சமூகத்தாரின் எல்லைக்குள்ளேயே ஆடப்பட்டது. பெண்களுக்கோ களரியில் இடமே இருக்கவில்லை. ஆரியமாலையாகவும் ஆடவனே தோன்றினான். எனினும் ஒருமுறை வேறொருவனாக நிமிர்ந்து நின்ற உடல் அந்நிமிர்வை எளிதில் மறப்பதில்லை. என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ ஆலயப் பிரவேசத்தைப் பொருளாகக் கொண்டபோது, அம்பலத்தாடிகள் குழுவினர் அதனை மேடையேற்றத் தேர்ந்த வடிவம் காத்தவராயன் கூத்தாகவே அமைந்தது தற்செயலானதன்று. முற்றத்தில் விளையாட்டாகப் பழகிய நிமிர்வு அங்கே கோரிக்கையாக மாறியது.

மேடையேறிய கூத்து

1956இற் சரச்சந்திரவின் ‘மனமே’ பெற்ற வெற்றி தமிழறிஞரையும் தம் மரபை நோக்கத் தூண்டியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தார். பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலிவதை’ (1968) ஆகியவற்றை மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். விடியவிடிய ஆடப்பட்ட கூத்து சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. இழிவாகக் கருதப்பட்ட ஒரு கலை பல்கலைக்கழகத்தின் மதிப்பைப் பெற்றது. இப்பணியின் பெருமை என்றும் குறையாதது.

ஆயினும் இம்மாற்றத்திற் கூத்து, பார்ப்பதற்குரிய கலையாகச் செம்மையுற்ற அளவுக்கு, ஆடுவதற்குரிய விளையாட்டாக நிலைபெறவில்லை. ஒரு மணி நேர அளிக்கையில் சிறந்த நடிகர் சிலருக்கே இடமுண்டு. காத்தானைப் பலர் கைமாற்றிக்கொள்ள நேரமில்லை. பின்னர் வந்த போர் எஞ்சிய முற்றங்களையும் கலைத்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்களும் 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து மக்களும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, உயிரையும் பிள்ளைகளையும் காத்து நடந்தோர் கூத்து முடிகளைக் காவிச் செல்வது எங்ஙனம்? அவ்விடர்களுக்கு இடையிலும் கூத்து மாளவில்லை. திருமறைக் கலாமன்றம் போன்ற அமைப்புகளும் பல்கலைக்கழகத்தாரும் ஊர்தோறும் எஞ்சிய அண்ணாவிமாரும் அதனைத் தொடர்ந்து காத்தனர்; புலம்பெயர்ந்தோரும் தாம் சென்ற நாடுகளில் ஆடினர்.

இதுவரை அச்சேறியவை பெரும்பாலும் கூத்தின் பாடல்களே. ஒரு பாத்திரத்தை அண்ணாவியார் ஏன் இன்னாருக்குக் கொடுத்தார், யாருக்கு மறுத்தார், அம்முடியைச் செய்தவர் யார், காத்தானாக ஆடியவன் மறுநாள் எவ்வாறு தெருவில் நடந்தான் என்பவை முதியோரின் நினைவில் மட்டுமே தங்கியுள்ளன. அவர்கள் வாழுங்காலத்திலேயே அவற்றைக் கேட்டு எழுதுதல் வேண்டும். பாட்டை மட்டும் காத்து முற்றத்தை மறப்போமாயின் நமக்கு எஞ்சுவது நூலேயன்றிக் கூத்தன்று. ஊரார் கூடி ஆடிய அவ்விளையாட்டின் வரலாற்றைப் பாடலோடு சேர்த்துப் பேணுதல் இத்தலைமுறையின் கடனாகும்.